தண்ணீரின் காரத்தை இறக்கியவள்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில், இரண்டு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகளின் கம்பிவேலி ஓடுகிற ஓர் இடத்தில் எங்கள் பள்ளி இருந்தது. பெண்கள் பள்ளி. அங்கே நான் விளையாட்டு டீச்சர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை, மழை சரியாகப் பெய்யாத வருடங்கள். பள்ளித் தாளாளர் பட்டாசு வியாபாரத்தில் நல்ல நிலையில் இருந்தவர். வெளியூரில் எங்கேயோ பள்ளிப் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்து, நம் பிள்ளைகளும் நீந்தட்டும் என்று ஒரே வருடத்தில் நீச்சல் குளம் கட்டிவிட்டார். நீல ஓடு பதித்த அந்தக் குளத்தில் முதல் முறை தண்ணீர் ஏறியபோது பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு ஜன்னலில் தொங்கினார்கள்.

நான் ஆமத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் தோட்டக் கிணற்றில் அண்ணன்மாரோடு குதித்து நீந்தக் கற்றவள். என் மாணவிகளுக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததில்லை. பெரும்பாலும் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்குக் கிணறும் கிடையாது, கிணறு வைத்திருக்கிறவர்கள் பெண் பிள்ளைகளைக் குதிக்க விட்டதும் கிடையாது. ஆகவே அந்தக் குளம் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன். பயந்து படியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் பொங்கலுக்குள் மிதக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த கோடையில் தொல்லை ஆரம்பித்தது. தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்தது. ஓடுகளின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, சுரண்டினாலும் வரவில்லை. குளோரின் எவ்வளவு போட்டாலும் பாசி பிடித்தது. பிள்ளைகள் கண் சிவந்து வெளியே வந்தார்கள், தலைமுடி தென்னை நாராக விறைத்தது. ஒருநாள் மாலை ஒரு மாணவியின் அம்மா வேலை முடிந்த கையோடு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். கையில் வெள்ளிப்பூச்சு இன்னும் இருந்தது. பட்டாசு மருந்துக்குள் போகிற அலுமினியத் தூள் அது.

"டீச்சர், மருந்துக்குள்ள கிடந்து நாங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு வர்றது போதாதாக்கும்? பிள்ளையும் அப்படித்தான் வரணுமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை நீச்சலுக்கு வரவில்லை.

குளம் கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் மதுரையிலிருந்து வந்து பார்த்தார். நல்ல மனிதர். தண்ணீரைச் சோதித்துவிட்டு, எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் காரத்தன்மை மிக அதிகம் என்றார். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, அதே போர்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோம். போகிற நீர் ஆவியாகப் போகிறது, காரம் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான், புளித்தால் இறங்குகிற பி.எச். என்ற அளவும் ஏறிக்கொண்டே போகிறது, குளோரின் வேலை செய்யவில்லை. சுலபமான வழி பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புவது. அதைச் சொல்லும்போதே அவர் குரல் தயங்கியது. பள்ளி வாசலில் அப்போதுதான் குடத்தோடு பெண்கள் டேங்கர் லாரிக்காக நின்றிருந்தார்கள்.

தாளாளர் யோசிக்கவே இல்லை. "ஊர் குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கிறப்ப, நான் குளத்துத் தண்ணியைத் தெருவில விட்டா என்னை மனுசன்னு சொல்வாகளா?" என்றார். வேறு வழி இல்லையென்றால் குளோரின் போடுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம், குளத்தை மூடிவிடலாம் என்பது அவர் முடிவு. காலாண்டுப் பரீட்சை லீவு முடியும்வரை பார்ப்போம் என்று ஒரு கெடு வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், வேதியியல் டீச்சர் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் புட்டியோடு குளத்தங்கரைக்கு வந்தாள்.

அவள் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னைவிடச் சில வயது இளையவள். தாத்தா காலத்தில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம், பிறகு அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆபீசில். அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். அவளிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். எந்தப் பாத்திரத்தையும், நாற்காலியைக்கூட, தரையில் இழுக்க மாட்டாள். தூக்கித்தான் வைப்பாள். உரசினால் தீப்பிடிக்கும் என்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது கையிலேயே இருக்கும்.

"அக்கா, இதுல கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க டீச்சர். குடிச்சுராதீக, அம்புட்டுத்தான்."

அவள் சிரித்தாள். குனிந்து, படிக்கட்டுக் கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிப் புட்டியை நிரப்பினாள். தண்ணீரைக் கண்டால் அவளுக்குப் பயம் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள். நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே குடுவையில் எங்கள் குளத்துத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. எத்தனை சொட்டு விழுந்தும் நிறம் மாறவில்லை. "இது செவக்கிறதுக்கு எம்புட்டு ஆசிட் வேணுமோ, அம்புட்டுக் காரம் தண்ணிக்குள்ள இருக்குன்னு அர்த்தம்" என்றாள். குழாயில் பாதிக்கு மேல் இறங்கியபிறகுதான் மஞ்சள் மெல்லச் சிவப்பை நோக்கிப் போயிற்று. "நல்லாத் தின்னு கொழுத்த தண்ணி அக்கா இது" என்றாள். அவள் முகத்தில் கவலை இல்லை. கணக்கு கிடைத்த பிள்ளையின் முகம்.

மதுரைப் பொறியாளரிடம் தொலைபேசியில் பேசினாள். ஆசிட் ஊற்றினால் காரம் குறையும் என்று அவரும் சொன்னார். விருதுநகர் போய் ஆசிட் கேன்கள் வாங்கி வந்தோம். அதை ஊற்றிய விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய இடுப்பு. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு ஆசிட், தலைகீழாக ஒருபோதும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கு முதுகு காட்டி நின்றாள். குளோரின் பொடி வைத்திருந்த அறையில் ஆசிட்டை இறக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் விஷப்புகை என்று சொல்லி, கேன்களை மைதானத்தின் அடுத்த கோடிக்குத் தானே தூக்கிப் போனாள்.

காரம் குறைந்தது. ஆனால் பி.எச். தடாலென்று இறங்கிவிட்டது. நான் இறங்கிப் பார்த்தேன், புளித்த மோரில் இறங்கியதுபோலத் தோல் கடித்தது. பி.எச்சை ஏற்றச் சலவை சோடாவைக் கரைத்து ஊற்றினோம். பி.எச். ஏறியது, கூடவே காரமும் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. அவள் இன்னொரு முறை சோதித்துப் பார்த்தாள்.

"செக்குமாடு மாதிரி சுத்துறோம் அக்கா" என்றாள். "நான் நினைச்சது தப்பு. கொஞ்சம் பொறுங்க."

அந்தக் 'கொஞ்சம் பொறுங்க' எனக்குப் பிடித்திருந்தது. தப்பு என்று சொல்ல அவள் யோசிக்கவில்லை, அதற்காக உடைந்தும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு வேலையாக இருவரும் விருதுநகர் போயிருந்தோம். கடும் வெயில். பஸ் ஸ்டாண்டு எதிரில் பன்னீர் சோடா குடித்தோம். நான் பாதியில் வைத்துவிட்டு, தெரிந்த ஒருவரோடு பேசப் போய்விட்டேன். திரும்பி வந்து குடித்தால் சோடா சப்பென்று இருந்தது.

"கேஸ் போயிருச்சு" என்றேன்.

அவள் தன் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். என் பாட்டிலை வாங்கிக் கடைக்காரர் முகம் சுளிக்கும் அளவுக்குக் குலுக்கினாள். மிச்சக் குமிழியும் போனது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், தன்னுடையதையும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"அக்கா, கேஸ் போனதுல புளிப்பும் இல்லை. ஆசிட் ஊத்தின நம்ம குளமும் சோடாதான். ஆசிட் ஊத்தினதும் காரம் அழிஞ்சு கேஸா மாறுது. ஆனா அந்தக் கேஸ் தண்ணிக்குள்ளயே அடைஞ்சு கிடக்கு. அதுதான் புளிப்பு. அதுக்குப் போய் நான் சலவை சோடாவைக் கொட்டினேன் பாருங்க. ஒண்ணும் கொட்ட வேண்டாம். தண்ணியைக் குலுக்கினாப் போதும். கேஸ் வெளியேறிப் போச்சுன்னா புளிப்பு தன்னால போயிரும். போன காரம் திரும்பி வராது."

"அம்மாம் பெரிய குளத்தை எப்படிக் குலுக்குறது?"

"அதுதான் தெரியலை" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைக் குடித்து முடித்தாள். திங்கட்கிழமை மதுரைக்குப் பேசினாள். பொறியாளர் உற்சாகமாகிவிட்டார். காற்றேற்றுவது என்று அதற்குப் பெயர் உண்டு, வெளிநாட்டில் செய்வதாகப் படித்திருக்கிறேன், செய்து பாருங்கள், பொறுமை வேண்டும் என்றாராம். ஆசிட் ஊற்றி இறக்குவது, காற்றால் பி.எச்சை ஏற்றுவது, மறுபடி ஆசிட், மறுபடி காற்று. ஒவ்வொரு சுற்றிலும் காரம் ஒரு படி இறங்கும்.

அவளுடைய அண்ணன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். தாளை ஊதிப் பிரிப்பதற்கு அச்சு மெஷினில் ஒரு காற்றுப் பம்பு உண்டு. பழசானதால் கழற்றிப் போட்டிருந்த ஒன்றை முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தார். மறுபடி ஆசிட் ஊற்றியபின், ஓட்டை போட்ட குழாயைக் குளத்தின் அடியில் போட்டுப் பம்பை ஓட்டினால், தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். பம்பின் எண்ணெய் காற்றோடு சேர்ந்து குளத்துக்குள் போயிருந்தது.

தாளாளர் அந்த நேரம் பார்த்து வந்தார். அவள் அண்ணன் ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினார். பம்பின் குற்றம், பழசு என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"ஐயா, இது என் தப்பு. எண்ணெய் போட்டு ஓடுற பம்பு இதுன்னு நான் யோசிச்சிருக்கணும். எண்ணெயை நான் எடுத்திடுதேன். ஆனா வழி தப்பில்லை. இன்னைக்கு பி.எச். ஏறியிருக்கு, காரம் அப்படியே இறங்கின இடத்துல நிக்குது. வந்து பாக்கீகளா?"

தாளாளர் ஆய்வகத்துக்குப் போனார். சொட்டு விழுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். போகும் வழியில், "லீவு முடியிற வரைக்கும்னு சொல்லியிருக்கேன், முடியட்டும்" என்றார்.

எண்ணெயை எடுக்க அண்ணன் அச்சகத்துக் கழிவுத் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். ஓரம் பிசகி அச்சான காலண்டர் சாமிகளைத் தண்ணீரில் போட மனம் வராமல், அச்சேறாத வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி விரித்தோம். தாள் எண்ணெயை உறிஞ்சியது. நைந்து போவதற்குள் எடுத்துவிட வேண்டும். அவள் கரையோரம் மண்டியிட்டுக்கொண்டு, தண்ணீருக்கு அத்தனை பயப்படுகிறவள், ஒவ்வொரு தாளாக இழுத்து எடுத்தாள். ஆழத்துப் பக்கத்தை நான் நீந்திப் போய் முடித்தேன்.

குமிழி விடுவதற்குப் பதிலாக என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் தோட்டம் ஞாபகம் வந்தது. நிலக்கடலைக்குப் போட்ட தெளிப்புக் குழாய்கள், கிணறு வற்றியதால் அந்த வருடம் முழுக்க வேலியோரம் சும்மா கிடந்தன. "காத்தைத் தண்ணிக்குள்ள விடணும்னு என்ன? தண்ணியைக் காத்துக்குள்ள விட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "ஆகும் அக்கா. நல்லாவே ஆகும்."

என் சின்ன அண்ணன் டிராக்டரில் குழாய்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "எங்க கடலை குடிக்காத தண்ணியை உங்க குளம் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அண்ணன் அவற்றைக் குளத்தின் மோட்டாரோடு இணைத்தார். வடிகட்டி வழியாகத் திரும்பி வருகிற தண்ணீர் எல்லாம் குழாயில் ஏறி, பொடித் தூறலாகக் குளத்தின் மேலேயே விழுந்தது. அந்த வருடம் அதுவரை அந்தப் பக்கத்தில் பெய்த ஒரே மழை அதுதான் என்று வாட்ச்மேன் சொன்னார்.

முதல் நாளே தாளாளருக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் காற்று சும்மா இருக்காது. தூறலில் கொஞ்சத்தை மைதானத்துக்கு அடித்துக்கொண்டு போயிற்று. "தண்ணியை மிச்சம் பிடிக்கத்தானே இம்புட்டும்?" என்றார். நியாயமான கேள்வி. அவள் குழாய்களைத் தாழ இறக்கிக் கட்டச் சொன்னாள். காற்று எழும் முன், காலையில் மட்டும் ஓட்டுவது என்று வைத்தாள். வேலை மெதுவாக நடந்தது, ஆனால் தண்ணீர் வீணாகவில்லை.

லீவு முழுக்க அவள் தினமும் வந்தாள். லீவில் வீட்டுக்குப் போகாத டீச்சர் என்று பள்ளியில் கிண்டல் செய்தார்கள். ஆசிட், தூறல், சோதனை. பி.எச். ஏறியதும் மறுபடி ஆசிட். சில நாள் ஒன்றுமே நகராததுபோல இருக்கும். நான் அலுத்துக்கொள்வேன். அவள் அலுத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. குடுவை சிவக்கத் தேவைப்பட்ட அமிலம் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீரின் வெண்மை விலகியது. ஒரு காலையில் கரையில் நின்று பார்த்தால், ஆழப்பகுதியின் அடியில் ஓடுகளுக்கு இடையிலான கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. நான் உடையோடு குதித்துவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு அடிவரை போனேன். எரியவில்லை.

மேலே வந்து, "ஏ பிள்ளை, எரியலை" என்றேன். அதுவரை அவளை நான் டீச்சர் என்றுதான் அழைத்து வந்தேன்.

"கண்ணைக் காட்டுங்க" என்று என் இமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து தாளாளர் வந்தார். குளத்தைச் சுற்றி மெல்ல ஒரு நடை நடந்தார். "அடியில உள்ள கோடெல்லாம் சுத்தமா எண்ணலாம் போலயே" என்றார். பிறகு அவளிடம், "இனி இப்படியே நிக்குமா தாயி?" என்று கேட்டார்.

"நிக்காது ஐயா. போர்த் தண்ணி ஊத்த ஊத்த மறுபடி ஏறும். ஏற ஏற இறக்கிக்கிட்டுத்தான் இருக்கணும். வீட்டைத் தினம் கூட்டுற மாதிரிதான். கூரைத் தண்ணியைச் சேத்து வச்சு ஊத்தினா வேலை குறையும். மழைத் தண்ணியில காரம் கிடையாது."

'முடிந்துவிட்டது' என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அப்படிச் சொல்வதுதான் எல்லோருக்கும் இனிப்பாக இருந்திருக்கும். தாளாளர் கூரைத் தண்ணீருக்குத் தொட்டி கட்ட அந்த வாரமே ஆள் விட்டார். ஐப்பசியில் மழை வந்தபோது தொட்டி தயாராக இருந்தது.

வாசலில் வந்து கேட்ட அந்த அம்மாவை நானே தேடிப் போய்ச் சொன்னேன், மகளைத் திரும்பக் குளத்துக்கு அனுப்பச் சொல்லி. தீபாவளி சீசன் முடிந்து வேலை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளோடு வந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தவர், "எங்களுக்கெல்லாம் இது வராது, என்ன?" என்று கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு வேதியியல் டீச்சர்தான், "ஏன் வராது? வாங்க, நானும் கத்துக்கிடணும்" என்றாள். தாளாளரிடம் அனுமதி கேட்டதும் அவள்தான். அடுத்த ஞாயிறு நாலைந்து அம்மாமார் நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பிறகு இன்னும் சிலர் சேர்ந்தார்கள். வாரம் முழுக்க மூச்சைப் பிடித்து மருந்து திணிக்கிற பெண்கள், தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கச் சொன்னால் சிரித்துச் சிரித்து விட்டுவிடுவார்கள்.

அவளுக்குத்தான் எல்லோரையும்விட நாளாயிற்று. தண்ணீரின் உள்ளும் புறமும் அறிந்தவள், அதில் முகத்தை வைக்கப் பல வாரம் மறுத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. கைப்பிடியை விட்டது ஒரு வாரம், முகத்தை வைத்தது இன்னொரு வாரம். மாசியில் ஒரு காலை என் கையை அவள் முதுகுக்கடியில் கொடுத்திருந்தேன். மெல்ல எடுத்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் கலையவில்லை. காதுவரை தண்ணீரில், கைகளை அகல விரித்து, வானத்தைப் பார்த்தபடி தானாகவே மிதந்தாள். அம்மாமார் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சற்றுப் பொறுத்து, கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அக்கா, தண்ணிக்குள்ள மோட்டார் சத்தம் கணீர்னு கேக்குது. கரகரன்னு இருக்கு. பேரிங் போகப்போகுதுன்னு நினைக்கேன். நாளைக்கு அண்ணனை வரச் சொல்லணும்."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சநேரம் மிதந்தாள்.